குடிக்காமல் வைத்த கிண்ணம்

எங்கள் அலுவலகத்தில் ஓராண்டுக்குரிய விடுமுறையை டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எடுத்து முடிக்காவிட்டால் அது அற்றுப்போய்விடும். சென்ற ஆண்டு எனக்கு ஒன்பது நாட்கள் மிஞ்சியிருந்தன. மனைவிக்கு நவம்பரில் விடுப்பு கிடைக்கவில்லை. அவரது தம்பி குகன் ரொறன்ரோவை அடுத்த பிறம்ரனிலிருந்து நீண்டதூர ட்ரக் ஓட்டுபவர். "அத்தான், நான் ஜோர்தானுக்குப் போறன், நீங்களும் வாறியளோ?" என்று அவர் கேட்டபோது, விடுமுறையை வீணாக்குவது முறையல்ல என்று சம்மதித்தேன். கல்லில் குடைந்த பெத்ரா நகரைப் பார்ப்பதே திட்டம். அதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது அதற்கு முன்வந்த இரண்டு நாட்களைப் பற்றி.

அந்த இரண்டு நாட்களுக்குக் காரணம் நாயிஃப். குகன் சரக்கேற்றும் பிறம்ரன் களஞ்சியத்தில் வேலை செய்பவர், வயது முப்பத்தைந்து இருக்கும், ஸ்காபரோவின் வோபர்னில் ஒரு மாடிக் குடியிருப்பின் பதினோராம் தளத்தில் வசிக்கிறார். அவருடைய பெற்றோர் தெற்கு ஜோர்தானின் பெதூவின் எனப்படும் நாடோடி மக்கள். ஆட்டுமயிரில் நெய்த கறுப்புக் கூடாரத்தில் வாழ்பவர்கள். ஆடுகளோடு குளிர்காலத்தில் கிழக்குச் சமவெளிக்கும் கோடையில் மேட்டுநிலத்துக்கும் போய்வருபவர்கள். அரசு அச்சமவெளியில் இருபத்துநான்கு வீடுகளைக் கட்டி, பதினேழாம் இலக்கத்தை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தது. நவம்பர் முடிவதற்குள் குடிபுகாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போகும். அதன்பின் தண்ணீர் லொறியும் வீடுகளுக்கு மட்டுமே வரும். தாய்க்குப் புகையால் ஓயாத இருமல். ஓராண்டாக நாயிஃப் தொலைபேசியில் கெஞ்சியும் தந்தை ஒப்பவில்லை, மறுக்கவுமில்லை. ரொறன்ரோவில் மழையா என்று மட்டும் விசாரிப்பாராம்.

ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை, வோபர்னில் ஒரு பிளாசாவின் கோப்பிக் கடையில் நாயிஃப் என்னைச் சந்தித்தார். அவர் பேசியது ஆங்கிலம். இங்கே எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

"அண்ணை, ஒரு வழி இருக்கு. கூடாரத்துக்கு வந்த விருந்தாளிக்கு முதல் கோப்பி குடுப்பினம். அதைக் குடியாமல் முன்னால கீழ வைச்சால், அவர் ஏதோ கேட்டு வந்திருக்கிறார் எண்டு அர்த்தம். கேட்டது நடக்கும் எண்டு வீட்டுக்காரர் வாக்குக் குடுத்த பிறகுதான் அவர் குடிப்பார்."

"வாக்குக் கொடுக்க மறுத்தால்?"

"மறுக்கிறேல்லை. விருந்தாளி குடியாமல் போனால் வீட்டுக்காரர் பிறகு ஆரின்ரை முகத்தையும் பார்க்கேலாது."

இவ்வளவு தெளிவான ஒரு நடைமுறை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. வலக் கையால் வாங்க வேண்டும். தரையில் வைக்க வேண்டும். காரணம் கேட்கும்வரை பேசக் கூடாது. மூன்றையும் குறிப்பேட்டில் வரிசையாக எழுதிக்கொண்டேன். நான் மாநகரசபையில் கட்டடத் தராதரப் பரிசோதகன். ஒரு வீடு மனிதர் வாழத் தகுந்ததா என்று பார்த்து, இல்லையெனில் அறிவித்தல் ஒட்டுவது என் தொழில். மில்லிக்கன் பக்கத்தில் சன்னலில்லாத பேஸ்மென்ற்களிலிருந்து எத்தனையோ குடும்பங்களை வெளியேற்றியிருக்கிறேன், அவர்களுடைய நன்மைக்காகவே என்ற நம்பிக்கையோடு. இருமுகிற ஒரு பெண்மணியைப் புகையிலிருந்து நல்ல வீட்டுக்கு மாற்றுவதில் எனக்கு என்ன தயக்கம் இருந்திருக்க முடியும்?

நவம்பர் இரண்டாம் வாரம், ஞாயிறு மாலை 6.25க்குப் பியர்சன் விமான நிலையத்திலிருந்து புறப்பட்டோம். ஐரோப்பாவில் மூன்று மணிநேரத் தரிப்பு உட்பட அம்மான் வரை 16 மணி 10 நிமிடம். பயணச்சீட்டு தலைக்கு 1,486 கனேடிய டொலர். விசாவை இறங்கிய இடத்திலேயே 40 டினாருக்குப் பெற்றோம். செவ்வாய் காலை 8.30க்கு நாயிஃபின் ஒன்றுவிட்ட சகோதரர் ஃபரீத் தமது பிக்கப் வண்டியோடு வந்தார். நாளொன்றுக்கு 60 டினார், எரிபொருள் உட்பட. ஆங்கிலம் நன்றாகப் பேசினார். அவர் இல்லாதிருந்தால் எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது.

பாலைவன நெடுஞ்சாலையில் தெற்கே 220 கிலோமீற்றர். பிறகு கிழக்கே திரும்பி 38 கிலோமீற்றர். கடைசி 11 கிலோமீற்றருக்குச் சாலை இல்லை, தடம் மட்டுமே. வழியில் நான் வந்த காரணத்தைச் சொன்னபோது ஃபரீத் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"நாயிஃப் சொல்லித்தந்தவனோ?"

"ஆம்."

"அவன் ஏன் தானே வந்து கிண்ணத்தை வைக்கேல்லை?"

குகன் இடையில் புகுந்தார். "மகன் வைச்சால் தகப்பன் அதை எடுத்து அவன்ரை தலையில ஊத்தியிருப்பார். எங்கடை அத்தானுக்கு முகமே நோட்டீஸ் மாதிரி. ஆரும் மறுக்கேலாது."

ஃபரீத் சிரிக்கவில்லை.

பிற்பகல் 2.15க்கு வீடுகளை அடைந்தோம். இரு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. எல்லாம் ஒரே அளவு, ஒரே மங்கிய மஞ்சள், கதவருகே நீலத்தில் இலக்கம். நடுவே அகன்ற தெரு. தெருவிளக்குகள் அந்த வெயிலிலும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு மனிதக் குரலும் இல்லை. ஒரு வாசலிலும் செருப்பு இல்லை. ஆனால் தெரு கூட்டப்பட்டிருந்தது. விளக்குமாற்றின் வரிகள் மணலில் கலையாமல் கிடந்தன, கூட்டியவரின் காலடி ஒன்றுகூட இல்லாமல்.

"அத்தான், உந்த வீட்டுக்குள்ள ஆரோ நிக்கினம்." குகன் குரலைத் தாழ்த்தினார்.

ஒன்பதாம் இலக்கத்தின் சன்னல் திரை ஓர் அடி விலகியிருந்தது. அதனிடையே ஒரு முகம் எங்களை நேராகப் பார்த்தது. அருகே போனபோதுதான் அது ஆடு என்று தெரிந்தது. பின்னால் இருளில் இன்னும் பல கண்கள்.

"சனம் உள்ளுக்கு இல்லை," என்றார் ஃபரீத். "ஆட்டுக்கு வீடு நல்லது. நரி வராது."

பதினேழைத் திறந்து காட்டினார். பழக்கதோஷம், அளந்து பார்த்தேன். மூன்று அறைகள், தீப்பிடித்தால் தப்பிக்கப் போதிய அளவுள்ள சன்னல்கள், ஒழுங்கான மின்னிணைப்பு, கூரையில் தண்ணீர்த் தாங்கி. குறைசொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் இப்படி ஒரு வீட்டைக் கண்டால் கையொப்பமிட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பியிருப்பேன். ஆனால் உள்ளே நான் உச்சரித்த ஒவ்வோர் அளவும் சற்றுத் தாமதித்து, வேறு யாரோ திருப்பிச் சரிபார்ப்பதுபோல் அடுத்த அறையிலிருந்து கேட்டது. வெற்று வீட்டின் எதிரொலி அது. அறிந்திருந்தும் மூன்றாவது அறையை அளக்காமல் வெளியே வந்தேன்.

கூடாரம் அங்கிருந்து 340 அடிகள், என் நடையில். கிழக்குப் பக்கம் முழுவதும் திறந்திருந்தது. நாயிஃபின் தந்தையை எல்லோரும் அபூ நாயிஃப் என்றே அழைத்தார்கள், நாயிஃபின் அப்பா என்று பொருள். தாய் உம்மு நாயிஃப். தந்தை அறுபதைக் கடந்த, மெலிந்த, விரைவாக நடக்கும் மனிதர். நாங்கள் புள்ளியாகத் தெரிந்தபோதே கோப்பிக் கொட்டை வறுக்கத் தொடங்கிவிட்டார். பிறகு அதை மர உரலில் இடித்தார். வெறும் இடி அல்ல அது. உள்ளே நேராக இரண்டு, உரலின் விளிம்பில் ஒன்று, ஒரு சிறு இடைவெளி. மீண்டும் இரண்டு, ஒன்று. விருந்தினர் வந்திருக்கிறார் என்று சமவெளிக்கு அறிவிப்பது அந்தத் தாளம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாளம் உண்டாம், கேட்டவுடன் யாருடைய உரல் என்று தெரியுமாம்.

எங்களிடம் பெயர் கேட்கவில்லை, வந்த காரியம் கேட்கவில்லை. மூன்று நாட்கள் வரை கேட்கக் கூடாது என்பது அவர்கள் முறை. 3.05க்கு முதற் கிண்ணம் என் வலக் கைக்கு வந்தது. பிடியில்லாத சிறு கிண்ணம், அடியில் இரண்டு மிடறு. அதைத் தரையில் வைத்தேன்.

கூடாரத்தில் பேச்சு நின்றது. திரைக்குப் பின்னால் உம்மு நாயிஃபின் இருமலும் நின்றது, அடக்கிக்கொண்டிருக்க வேண்டும். அபூ நாயிஃப் கிண்ணத்தைப் பார்த்தார், பிறகு எனக்குப் பின்னால் திறந்திருந்த வெளியைப் பார்த்தார். ஏதோ கேட்டார். "உங்கடை தேவை என்ன எண்டு கேக்கிறார்," என்றார் ஃபரீத்.

"உங்கள் மகன் நாயிஃப் கேட்கிறார். நீங்களும் உங்கள் மனைவியும் பதினேழாம் இலக்க வீட்டில் குடியிருக்க வேண்டும்."

ஃபரீத் மொழிபெயர்க்க நெடுநேரம் எடுத்தார். அபூ நாயிஃப் கோபிக்கவில்லை. சுண்டுவிரலால் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"குடியுங்கோ. கேட்டது நடந்தாச்சு."

குடித்தேன். ஏலக்காய் வாசனையுள்ள, மிகக் கசப்பான கோப்பி.

மறுநாள் புதன் காலை 9 மணிக்குக் குடிபெயர்ந்தார்கள். மூன்று நடையில் முடிந்துவிட்டது. விரிப்புகள், மெத்தைகள், பாத்திரங்கள், ஒரு பெட்டி. உரலை மட்டும் எடுக்கவில்லை. கூரைக்குக் கீழே இடித்தால் சத்தம் வெளியே போகாது, தலையில் திரும்பி விழும் என்றாராம் அபூ நாயிஃப். கூடாரத்தை அன்றைக்கே பிரிக்கவில்லை. ஆடுகள் மேயப் போயிருந்தன.

வீட்டுக்குள் அவர்கள் அமர்ந்த விதம்தான் என்னை முதலில் தொந்தரவு செய்தது. கூடாரத்தில் இருந்த அதே ஒழுங்கு. அடுப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு, அதைச் சுற்றி அமர்ந்தார்கள், முகம் கிழக்கே. கிழக்கில் அந்த அறைக்குச் சன்னல் இல்லை, வெள்ளைச் சுவர். அபூ நாயிஃப் அந்தச் சுவரையே பார்த்திருந்தார். அவ்வப்போது, தூரத்தில் யாரோ வருவதைக் கண்டவர்போல், நாடியை உயர்த்திக் கண்களைச் சுருக்குவார். சற்றுநேரம் தொடர்ந்து பார்ப்பார். பிறகு தாழ்த்துவார். முற்பகல் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இதை ஏழு தடவை செய்தார். நானும் ஒரு தடவை சுவரைத் திரும்பிப் பார்த்தேன்.

உம்மு நாயிஃப் தேநீர் கொண்டுவந்தார். அன்று அவர் இருமவில்லை, அதையும் பதிவுசெய்கிறேன். ஃபரீத் மூலம் என்னிடம் கேட்டார்: "உங்கடை ஊரில எல்லாரும் வீட்டுக்குள்ளதானே. ஆள் வாறதை எப்பிடிக் காணுவியள்?"

"காண வேண்டியதில்லை. வாசலில் மணி இருக்கும். வந்தவர் அடிப்பார்."

அவர் யோசித்தார். "அப்ப, மணி கேக்கேக்கை அவர் ஏற்கனவே வாசலில நிப்பார்."

ஆம் என்றேன். அவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, கணவருக்கு இன்னும் நெருக்கமாக அமர்ந்தார்.

பிற்பகல் 3.40. அறையில் இருந்தவர்கள் ஐவர்: அபூ நாயிஃப், உம்மு நாயிஃப், ஃபரீத், குகன், நான். அப்போது உரல் இடிக்கும் சத்தம் கேட்டது. உள்ளே நேராக இரண்டு, விளிம்பில் ஒன்று, இடைவெளி. மீண்டும் இரண்டு, ஒன்று.

"காத்து," என்றார் ஃபரீத். சன்னலுக்கு வெளியே முள்வேலியில் சிக்கிய பொலித்தீன் பை அசையாமல் தொங்கியது.

நான் எழுந்து போனேன். முறைப்பாடு என்று ஒன்று வந்தால் போய்ப் பார்க்க வேண்டும் என்பது இருபது ஆண்டுப் பழக்கம். தெருவின் பாதியில் சத்தம் தெளிவாகக் கேட்டது. வீடுகளின் கடைசியைத் தாண்டியபோது மெலிந்தது. கூடாரத்தை நெருங்க நெருங்கக் குறைந்து, உள்ளே கால்வைத்தபோது ஒன்றுமில்லை. உரல் விட்ட இடத்திலேயே நின்றது, உலக்கை அதன் வாய்க்குக் குறுக்கே கிடந்தது. உள்ளே நொறுங்கிய ஏலக்காய்த் தோல் ஒன்று. நேற்றையதாக இருக்கலாம். மணலில் காலையில் சுமந்துபோன எங்கள் காலடிகளைத் தவிர வேறில்லை. நான்கு நிமிடங்கள் நின்றேன், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. முழுமையான அமைதி.

திரும்பி வந்து, நின்றுவிட்டது என்று சொன்னேன். குகன் முகத்தில் வழக்கமான பகிடி எதுவும் இல்லை.

"நிக்கேல்லை அத்தான். நீங்கள் அங்கை நிக்கேக்கையும் அடிச்சுக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் யன்னலால உங்களைப் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள். நீங்கள் உரலுக்குப் பக்கத்தில நிண்டியள், அது அடிச்சுது."

அபூ நாயிஃப் சுவரைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். ஃபரீத் தயங்கி மொழிபெயர்த்தார்: "விருந்தாளி வந்திட்டார். வீட்டுக்காரனைக் காணேல்லை எண்டு உரல் கூப்பிடுது."

வியாழன் காலை 10 மணிக்கு நாங்கள் புறப்பட வேண்டும். விடைகொடுக்கும் கோப்பியை அபூ நாயிஃப் எரிவாயு அடுப்பில் காய்ச்சினார். உம்மு நாயிஃப் கடையில் வாங்கிய தூளைப் போட்டிருந்தார். கிண்ணம் என் கைக்கு வந்தது. அவர்களைக் கூடாரத்துக்கே திரும்பவிடுவது பற்றி முந்தைய இரவு முழுவதும் யோசித்திருந்தேன். அதைத் தரையை நோக்கித் தாழ்த்தினேன். ஃபரீத் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வைக்காதேங்கோ. திருப்பிக் கேக்கேலாது. நீங்கள் கேட்டது உங்களுடைய கேள்வி இல்லை, நாயிஃபின்ரை. அவன்தான் தகப்பனை வாக்கிலிருந்து விடலாம்."

"அவர் மகனிடம் கேட்கலாமே."

"இவர் கேக்கமாட்டார். செத்தாலும் கேக்கமாட்டார்."

குடித்தேன். கிண்ணத்தை ஆட்டித் திருப்பிக் கொடுத்தேன்; போதும் என்பதற்கு அதுவே அடையாளம். அபூ நாயிஃப் எங்களை வாசல் வரை வழியனுப்பினார். வண்டி திரும்பியபோது பார்த்தேன். ஒன்பதாம் இலக்கத்தின் திரை மூடியிருந்தது. பதினேழின் சன்னலில் ஒரு முகம் இருந்தது. இம்முறை அது ஆடு அல்ல.

பெத்ராவில் இரண்டு நாட்கள் நடந்தோம். அழகான இடம். மலையில் குடைந்த நூற்றுக்கணக்கான வாசல்கள், உள்ளே ஒருவரும் இல்லை. குகன் இரண்டாம் நாள் படம் எடுப்பதை நிறுத்திவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை காலை 10.20, அதே வோபர்ன் கடை. நாயிஃப் மகிழ்ச்சியாக வந்தார். கோப்பிக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

"அண்ணை, அம்மாவின்ரை இருமல் குறைஞ்சிட்டுது. அப்பா வசதியாய் இருக்குது எண்டு சொன்னார். உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது?"

அவர் வாங்கித்தந்த கடதாசிக் கோப்பையை மூடியைத் திறக்காமல் அவர் முன்னால் வைத்தேன். கையை எடுத்துக்கொண்டேன்.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு சிரித்தார். "அண்ணை, உது கடதாசிக் கோப்பை. இது ஸ்காபரோ. அந்தப் பழக்கம் இஞ்ச செல்லாது."

"கோப்பை எதனால் ஆனதாக இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. நான் எழுதி வைத்திருக்கிறேன்." குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். "நீங்கள் வாங்கித்தந்தீர்கள். நான் குடிக்கவில்லை."

சிரிப்பு அடங்கியது. "என்ன வேணும்?"

"உங்கள் தந்தையை வாக்கிலிருந்து விடுங்கள்."

"அம்மா இருமி இருமிச் சாகட்டும் எண்டு சொல்லுறியளோ?" குரல் உயர்ந்தது. பக்கத்து மேசையில் லொத்தர்ச் சீட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். "தண்ணி லொறியும் வராது. அதுக்கு என்ன விதி எழுதி வைச்சிருக்கிறியள்?"

சுவரைப் பற்றிச் சொன்னேன். ஏழு தடவை நாடியை உயர்த்தியதைச் சொன்னேன். உரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் தொலைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, மேசையில் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். அங்கே மாலை 6.20, இருட்டியிருக்கும்.

அழைப்பு எடுக்கப்பட்டது. யாரும் பேசுவதற்கு முன் அது கேட்டது. இரண்டு, ஒன்று, இடைவெளி. இரண்டு, ஒன்று. நாயிஃபின் முகம் வெளிறியது. அந்தத் தாளத்தில் வளர்ந்தவருக்கு அது யாருடைய உரல் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அரபியில் ஏதோ கேட்டார். மறுமுனையில் அபூ நாயிஃப் பதில் சொன்னார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"என்ன கேட்டீர்கள்?"

"கோப்பி இடிக்கிறது ஆர் எண்டு." நாயிஃப் என்னைப் பார்க்கவில்லை. "உனக்கும் கேக்குதோ எண்டு அப்பா கேக்கிறார்."

பிறகு அவர்கள் பேசினார்கள், சில நிமிடங்கள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை, கடைசியில் தாயின் இருமல் ஒன்றைத் தவிர. நாயிஃப் தொலைபேசியை அணைத்தார். சுண்டுவிரலால் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"குடியுங்கோ அண்ணை. கேட்டது நடந்தாச்சு."

ஆறிப்போயிருந்தது. முழுவதையும் குடித்தேன்.

அன்றிரவே அவர்கள் கூடாரத்துக்குத் திரும்பினார்கள். பதினேழாம் இலக்கம் வேறொரு குடும்பத்துக்குப் போய்விட்டது. ஃபரீத் வாரத்துக்கு இருமுறை பிக்கப்பில் தண்ணீர் கொண்டுபோகிறார். உம்மு நாயிஃப் மீண்டும் இருமுகிறார். நான் செய்தது சரியா என்று கேட்பீர்களானால், முதலில் செய்ததும் சரியென்றே தோன்றியது என்பதுதான் என் பதில்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள். ஒக்டோபர் பிற்பகுதியும் நவம்பரும் நல்ல காலம். பகலில் மெல்லிய சட்டை போதும், மாலை நான்கரைக்குப் பின் தடித்த மேலங்கி வேண்டும். ஆளுக்கு ஐந்து லீற்றர் தண்ணீர் கொண்டுசெல்லுங்கள், அவர்களுடையதை எதிர்பார்க்காதீர்கள். தடத்தில் செல்ல நான்கு சக்கர உந்துதல் உள்ள வண்டியும் உள்ளூர்ச் சாரதியும் அவசியம். அந்த இடத்தின் பெயரை வேண்டுமென்றே தரவில்லை. பின்னூட்டத்தில் கேட்டாலும் தரமாட்டேன்.

எந்தக் கூடாரத்தில் அமர்ந்தாலும் கிண்ணம் வந்ததும் குடித்துவிடுங்கள். குறிப்பெடுப்பதற்காகக்கூட அதைக் கீழே வைக்க வேண்டாம். கேட்பதற்கு ஏதேனும் இருந்தால், குடித்து முடித்து, கிண்ணத்தை ஆட்டித் திருப்பிக் கொடுத்த பிறகு கேளுங்கள். அப்போது அவர்கள் இல்லை என்று சொல்லலாம்.